இடது கைப் பிரேக்

11.06.2015 – ஆம்புலன்ஸ்: 900
13.06.2015 – கணுக்கால் அறுவை, தகடு, திருகுகள்: 62,400
20.02.2016 – பிரேக் லீவர், கேபிள், கூலி: 3,150
16.03.2016 – ஓட்டுநர் சோதனைக் கட்டணம்: 450
05.09.2016 – சாவிக்காரருக்கு முதல் நாள் மருந்து: 2,260
18.01.2017 – செலவு இல்லை

என் கணக்கு நோட்டில் உள்ள இந்த ஆறு வரிகளும் என் தங்கையின் கணவரைப் பற்றியவை. அவர்கள் கீழ்வீட்டில் இருக்கிறார்கள், நான் மாடியில். கடைசி வரியில் ஏன் செலவு இல்லை என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அதைச் சொல்வதற்கு முதலிலிருந்து வர வேண்டும்.

நான் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். தெருவில் அவருக்குப் பெயர் ஹாரன். ரத்தப் பரிசோதனை செய்யும் ஒரு லேபில் பைக் ஓட்டினார். அந்த லேபின் வண்டிகளில் ஒன்றில்கூட ஹாரன் ஒழுங்காக அடிக்காது. மற்ற ஓட்டிகள் கட்டை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துச் சலித்துக்கொள்வார்கள். இவர் தொண்டையைத் திறந்து, "ஓரம்! ஓரம்!" என்று கத்திக்கொண்டே போவார். தெருமுனை மெக்கானிக் ஒருநாள், "அண்ணே, புதுசா ஒரு ஹாரன் மாட்டிரவா?" என்று கேட்டதற்கு, "தொண்டை கட்டுற அன்னிக்கு வரேன், மாட்டு" என்றார்.

ஆஸ்பத்திரிகளிலும் கிளினிக்குகளிலும் எடுத்த ரத்தக் குழாய்களை ஐஸ் வைத்த பெட்டியில் அடுக்கி லேபுக்குக் கொண்டுவர வேண்டும். அதுதான் வேலை. வேகமாக வர வேண்டும், ஆனால் பெட்டி குலுங்கக் கூடாது. குலுங்கினால் ரத்தம் கெட்டுவிடும், நோயாளியை மறுபடி குத்த வேண்டும். "என்னால ஒருத்தருக்கும் ரெண்டாவது குத்து விழுந்ததில்ல" என்று மாப்பிள்ளை சொல்லிக்கொள்வார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் கத்துவதில்லை.

லேப் ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் இருந்தது. அதற்குப் போகும் சந்தில் ஒரு பைக்தான் நுழையும், மறுமுனையில் சுவர். காலையில் முதலில் வந்தவர் நிறுத்தும் வண்டி சுவரை ஒட்டி நிற்கும், கடைசியில் வந்தவருடையது தெருப்பக்கம் நிற்கும். வண்டிகள் எல்லாம் லேபுக்குச் சொந்தம், எல்லாம் ஒரே மாதிரி, சாவி வண்டியிலேயே தொங்கும். உள்ளேயிருந்து "பெட்டி!" என்று குரல் வந்தால், யார் எழுந்தாலும் தெருப்பக்கம் நிற்கிற வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். என் வண்டி, உன் வண்டி என்ற பேச்சே கிடையாது. இருபது வருடம் மாப்பிள்ளை இப்படித்தான் வண்டி எடுத்தார்.

முதல் விபத்து ஐஸ் தொழிற்சாலை வளைவில் நடந்தது. அங்கே எப்போதும் தண்ணீர் தேங்கியிருக்கும். அன்று அதன் மேல் ஏதோ லாரியிலிருந்து டீசலும் ஒழுகியிருந்தது. வளைவில் ஒரு தள்ளுவண்டி நின்றதைப் பார்த்து வலது கையால் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். முன் சக்கரம் வழுக்கியது. வண்டி வலது கணுக்காலின் மேல் விழுந்தது. பின்னால் வந்த சக ஓட்டி இறங்கி ஓடியபோது, அவர் சொன்ன முதல் வார்த்தை, "பெட்டியப் பாரு."

கணுக்காலைத் தகடு வைத்துச் சேர்த்தார்கள். எலும்பு ஒட்டியது, மூட்டு மடங்கவில்லை. பாதம் செங்கல் மாதிரி ஒரே நிலையில் நின்றது. நடக்கலாம், ஆனால் பைக்கின் வலது கால் பிரேக்கை அமுக்க முடியாது.

லேப் முதலாளி கெட்டவர் அல்ல. குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலை கொடுத்தார். இரண்டாவது வாரத்தில் மாப்பிள்ளை இரண்டு சீட்டுகளை மாற்றி ஒட்டிவிட, எழுபது வயதுக் கிழவர் ஒருவர் கர்ப்பமாக இருப்பதாக அறிக்கை போய்விட்டது. கிழவரின் மகன் வந்து மேசையைத் தட்டினான்.

"ஹாரன், நீ ஓட்டுறப்ப உன் காலத்தான் உடைச்ச. உக்காந்தா என் மானத்த உடைக்கிற" என்றார் முதலாளி. "வீட்டுல இரு. ஓட்ட முடிஞ்சா வா."

வீட்டில் இருந்தார். என் தங்கை ஒரு சலவை நிலையத்தில் துணி தேய்ப்பவள். காலையில் அவள் கிளம்பும்போது எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாரோ, மாலையில் அவள் ஆவியில் வெந்து திரும்பும்போதும் அதே நாற்காலியில் இருப்பார். தெருவில் ஏதாவது பைக் சடாரென்று பிரேக் போட்டால் அவருடைய வலது கை விரல்கள் தாமாக மடங்கி இறுகும். யாரும் பார்க்காதபடி அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். முன்பெல்லாம் அவர் கத்துகிறார் என்று குறை சொன்ன பக்கத்து வீட்டுக்காரி, "உள்ள ஆள் இருக்காரா?" என்று என்னிடமே கேட்டாள்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான், மறுபடி ஓட்ட வேண்டும். பயமும் அதேதான். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எத்தனை நாள் நாற்காலியில் உட்கார முடியும்?

மறுபடி ஓட்டப் போவதாக மாப்பிள்ளை தங்கையிடம் சொன்னபோது அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு தடவ வண்டியில ஏறினீங்கன்னா நான் இந்த வீட்ட விட்டு இறங்கிருவேன்."

"இறங்கி எங்க போவ?"

"மாடிக்கு. அண்ணன் வீட்டுக்கு."

"அப்ப சரி. சாப்பாடு மேலயிருந்து வரும்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் இறங்கவும் இல்லை. மெக்கானிக் ஒரு பழைய வண்டியை வாங்கித் தந்தபோது, கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவளும் அவள்தான்.

அது கிளட்ச் இல்லாத வண்டி. கியரை இடது காலால் மாற்றினால் போதும், இடது கைக்கு வேலையே கிடையாது. அந்தச் சும்மா இருக்கும் கையில்தான் மெக்கானிக் யோசனை வைத்தான். இடது கைப்பிடியில் ஒரு லீவரைப் பொருத்தி, கேபிள் இழுத்து, பின் பிரேக்கோடு இணைத்துவிட்டான். மற்ற பைக்குகளில் கிளட்ச் லீவர் எங்கே இருக்குமோ, அதே இடத்தில் இந்த வண்டியில் பிரேக் இருந்தது.

பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் முற்றத்தில் பழகினார். முன் பிரேக்கை அவர் தொடவே மாட்டார். வலது கை அதன் மேல் போனாலே விரல்கள் விறைத்துக்கொள்ளும். மெக்கானிக் அதையும் ஏற்றுக்கொண்டான்.

"வலது கைய மறந்துருங்கண்ணே. இனிமே இடது கைதான் உங்க காலு. நாய் வந்தாலும் சரி, லாரி வந்தாலும் சரி, இடது கை!"

"உன் மாமியார் வந்தா?"

"அப்ப பிரேக்கே வேணாம்ணே, போய்க்கிட்டே இருங்க."

அந்த 'இடது கை'யை அவர் ஜெபம் மாதிரி உருப்போட்டார். டீ குடிக்கும்போதுகூட இடது கை விரல்கள் மடங்கி மடங்கி விரியும். "டம்ளருக்கு ஏன் பிரேக் போடுறீங்க?" என்றாள் தங்கை. சோதனை நாளில் அதிகாரி முன்னறிவிப்பு இல்லாமல் குறுக்கே ஒரு தகர டப்பாவை உருட்டிவிட்டார். மாப்பிள்ளையின் இடது கை அவருக்கு முன்பாகவே முடிவெடுத்தது. வண்டி டப்பாவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. உரிமத்தில் முத்திரை குத்தினார்கள். மாற்றியமைத்த இந்த ஒரு வண்டியை மட்டுமே ஓட்டலாம், வேறு எதையும் ஓட்டக் கூடாது.

லேபில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். இவருடைய வண்டியை மற்றவர்களால் ஓட்ட முடியாது என்பதால் அது சந்துக்குள் நுழையவில்லை, எதிர்ப்புறம் தனியாக நின்றது. முதல் வாரத்தில் ஒரு மதியம் சலவை நிலையத்தின் ஜன்னல் வழியாக "ஓரம்! ஓரம்!" என்று கேட்டதாம். அன்று மாலை தங்கை மாடிக்கு வந்தாள். "அண்ணா, இன்னிக்கு அந்தக் கத்தல் கேட்டுச்சு" என்றாள். அதைச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கோடை அப்படிப் போனது. செப்டம்பரில் ஒரு நாள் தண்ணீர்க் குழாய் பதிப்பதற்காக எதிர்ப்புறத்தைத் தோண்டிப் போட்டார்கள். அன்று காலை மாப்பிள்ளை முதலில் வந்தார். வேறு இடம் இல்லாததால் வண்டியைச் சந்துக்குள் விட்டார். அது சுவரை ஒட்டி நின்றது. அதற்குப் பின்னால் நான்கு லேப் வண்டிகள் வந்து அடைத்துக்கொண்டன.

பதினோரு மணிக்கு போன் எடுக்கும் பெண் கத்தினாள். "பெட்டி! பெட்டி! பொறந்த குழந்தை, டாக்டர் கைல ரத்தத்த வச்சிட்டு நிக்கிறாங்க!"

மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள், அல்லது கழிப்பறையில் இருந்தார்கள். அது இப்போது முக்கியமில்லை. மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, தெருப்பக்கம் நின்ற வண்டியை எடுத்துக்கொண்டு போனார். இருபது வருடம் எடுத்த மாதிரியே.

கிளம்பும்போது தப்பு நடக்கவில்லை. கிளட்சைப் பிடித்து, கியர் போட்டு, மெதுவாக விட்டிருக்கிறார். பழைய கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. "அந்த ரெண்டு தெருவும் சந்தோஷமாத்தான் போனேன் மச்சான். பழைய வண்டி, பழைய சத்தம்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

மூன்றாவது தெரு இறக்கம். இறக்கத்தின் கீழே, தபால் பெட்டியை ஒட்டி ஒரு குடைக்கு அடியில் சாவிக்காரர் உட்கார்ந்திருப்பார். சாவி வெட்டும் சின்ன இயந்திரம், ஒரு முக்காலி, கம்பியில் கோத்த வெட்டாத சாவிகள். அவ்வளவுதான் கடை. குறுக்குத் தெருவிலிருந்து ஒரு பஸ் திரும்பியது. மாப்பிள்ளையின் இடது கை முழு பலத்தோடு லீவரை இழுத்தது.

அது கிளட்ச். வண்டி நிற்கவில்லை, எஞ்சினின் பிடி விட்டு இறக்கத்தில் இன்னும் வேகமாக ஓடியது. ஓட ஓட அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். வலது கையில் முன் பிரேக் சும்மா இருந்தது. பஸ்ஸுக்கு விலகி இடதுபக்கம் ஒடித்தார். அங்கே குடை இருந்தது.

மாப்பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். சாவிக்காரருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் உடைந்து எலும்பு வெளியே வந்திருந்தது. தெரு முழுக்கச் சாவிகள். பெட்டி திறந்து குழாய் வைக்கும் தட்டு உருண்டு கிடந்தது. போகிற வழி என்பதால் அதில் குழாய் ஒன்றும் இல்லை. குழந்தையின் ரத்தத்தை வேறொருவர் போய் எடுத்துவந்தார்.

சாவிக்காரரைப் பதினைந்து மாதம் முன்பு மாப்பிள்ளை கிடந்த அதே வார்டில் போட்டார்கள். மாப்பிள்ளை மறுநாள் போய்ப் பார்த்தார். வாசலிலேயே நின்றார். சாவிக்காரர்தான் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, நீதான் இடிச்சதா? வா, உக்காரு. நின்னா உன் கால் வலிக்கும்போல இருக்கே."

விபத்து பற்றி உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு லேப் முதலாளி வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அந்தாளு கடைக்கு அனுமதியே கிடையாது. கடை ரோட்டுக்குள்ள நீட்டிக்கிட்டு இருந்துச்சுன்னு ஒரு வரி சொல்லு ஹாரன். உன் லைசென்ஸும் தப்பும், என் லேபும் தப்பும்."

"நீட்டலயே முதலாளி."

"ஒரு அடி நீட்டுனா என்ன, யாரு அளந்து பாத்தா?"

அவர் போன பிறகு தங்கை பேசினாள். அவள் என்ன சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேனோ அதற்கு நேர்மாறாகச் சொன்னாள்.

"சொல்லிட்டு வாங்க, அந்த ஒரு வரிய."

"நீயா சொல்ற? வண்டியே வேணாம்னவ நீதானே?"

"அந்த நாற்காலியில நீங்க உக்காந்திருந்தத நான்தான் பாத்தேன். மறுபடியும் அத என்னால பாக்க முடியாது."

விசாரணையில் நானும் வெளி பெஞ்சில் இருந்தேன், கதவு திறந்தே இருந்தது. கடை எங்கே இருந்தது என்று கேட்டபோது மாப்பிள்ளை, "சுவத்த ஒட்டி" என்றார். பிரேக் வேலை செய்ததா என்று கேட்டார்கள். "பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு சார். நான் அதப் பிடிக்கல. நான் பிடிச்சது கிளட்ச." அப்புறம், கேட்காமலேயே, "அந்த வண்டிய நான் தொட்டிருக்கவே கூடாது. என் லைசென்ஸ்ல எழுதியிருக்கு" என்றார். விசாரணை அதிகாரி அதை எழுதிக்கொண்டார். முடிவு தபாலில் வரும், அதுவரை உரிமம் செல்லும் என்றார்.

லேபில் வேலை போயிற்று. சொன்ன வார்த்தையால் இன்சூரன்ஸ் சாவிக்காரருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று ஆனது, ஆனால் அது எப்போது கைக்கு வரும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தபால் பெட்டி பக்கத்தில், குடை இருந்த இடத்தில், செல்போன் உறை விற்பவன் ஒருவன் வந்து உட்கார்ந்துவிட்டான்.

சாவிக்காரரின் காலைச் சுற்றி இரும்புக் கூண்டு போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரம் இரண்டு தடவை கட்டு மாற்றப் போக வேண்டும். மனைவி இல்லை, மகள் தொலைவில் இருந்தாள். பஸ் படி ஏற முடியாது, ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டாது. யாருடைய காசையும் வாங்கவும் மாட்டார். நான் ஒருதடவை நீட்டிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாப்பிள்ளை தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அவர் வாசலில் நிறுத்தினார்.

"இது இடிச்ச வண்டியா, இடிக்காத வண்டியா?" என்றார் சாவிக்காரர்.

"இடிக்காத வண்டிண்ணே."

"அப்ப இனிமேதான் இடிக்கணும். சரி, ஏத்தி விடு."

கூண்டுக் காலை நீட்டி வைக்க மெக்கானிக் ஒரு பலகை அடித்துக் கொடுத்தான். முதல் தடவை சாவிக்காரர் மாப்பிள்ளையின் சட்டையைப் பின்னாலிருந்து கிழியும்படி பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளைக்கு எஞ்சினை உதைக்கவே கால் எழவில்லை.

"பயமா இருந்தா கண்ண மூடிக்கங்க."

"நான் மூடிக்கிறேன். நீ மூடிராத."

இரண்டு பயந்த மனிதர்கள் ஒரே வண்டியில் போனார்கள். ஒவ்வொரு தெருமுனையிலும் சாவிக்காரர் முன்னால் இருப்பவரின் இடது தோளில் ஓங்கித் தட்டி, "இடது!" என்பார். கொஞ்ச நாளில் அது பழகிவிட்டது. இவர் "ஓரம்! ஓரம்!" என்று கத்த, பின்னாலிருந்து அவர் "இடது! இடது!" என்று கத்த, தெருவில் பார்த்தவர்கள் ஏதோ கட்சி ஊர்வலம் என்று சிரித்தார்கள். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை மாப்பிள்ளை இப்படி வண்டி ஓட்டினார். சம்பளம் இல்லை. தங்கை கூடுதல் மணி நேரம் துணி தேய்த்தாள். ஆனால் அந்த நாற்காலி காலியாக இருந்தது. வலது கையை அவர் தொடைக்கு அடியில் ஒளிப்பதை நான் அந்த மாதங்களில் பார்க்கவில்லை.

கால்தான் சேரவில்லை. எலும்பில் சீழ் பிடித்தது. ஒரு தடவை சுரண்டினார்கள், மறுதடவையும் சுரண்டினார்கள். ஜனவரி பதினெட்டாம் தேதி பெரிய டாக்டர் வருகிறார், காலை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று அன்று சொல்வார் என்றார்கள்.

அதற்கு முந்தின நாள் தபால் வந்தது. மாப்பிள்ளை வாசலிலேயே நின்று படித்தார். பிறகு தங்கையிடம் கொடுத்தார், அவள் என்னிடம் கொடுத்தாள். எல்லா வகை வண்டிகளுக்கும் உரிமம் ரத்து. மறுபடி விண்ணப்பிக்க முடியாது. கீழே ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை.

"நாளைக்கு ஒரு நாள் ஓட்டிட்டு வந்துருங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுமே மச்சான்" என்றார்.

மறுநாள் காலை வண்டியை வெளியே எடுத்தார். எஞ்சினை உதைக்கவில்லை. சாவிக்காரர் வீடுவரை தள்ளிக்கொண்டு போனார். நான் கூடப் போனேன். சாவிக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தன் காலைப் பார்த்தார்.

"தள்ளுறதுக்கு லைசென்ஸ் வேணுமா?"

"வேணாம்."

"அப்ப என்னைய முன்னால ஏத்து."

ஓட்டுபவர் உட்காரும் இடத்தில் அவரை ஏற்றி, கூண்டுக் காலைப் பலகையில் நீட்டி வைத்தோம். மாப்பிள்ளை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். மடங்காத பாதத்தை ஒவ்வொரு தடவையும் தூக்கித் தூக்கி வைத்தார். நான் பின்னால் தள்ளினேன், எனக்கு மூச்சு வாங்கியது. இரண்டாவது தெருவில் யாரோ என் தோளைப் பிடித்து விலக்கினார்கள். தங்கை. வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள். அந்த வண்டியை அவள் தொட்டு நான் பார்த்ததில்லை. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கையையும் சீட்டில் ஊன்றித் தள்ளினாள்.

இறக்கம் வந்தது. மாப்பிள்ளை நின்றுவிட்டார்.

"என்ன நின்னுட்ட? பிரேக் என் கைல இருக்கு" என்றார் சாவிக்காரர். இடது கை லீவரின் மேல் அவருடைய நான்கு விரல்களும் இருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிடித்து விட்டுப் பிடித்து வண்டியை இறக்கினார். தபால் பெட்டியைத் தாண்டும்போது செல்போன் உறை விற்பவன் தன் பெட்டியைச் சுவரோடு இழுத்துக்கொண்டான். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பெரிய டாக்டர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், அடுத்த வாரமே என்றார். திரும்பும்போது ஏற்றம். மாப்பிள்ளையின் கணுக்கால் செருப்புக்கு வெளியே பிதுங்கி வீங்கியிருந்தது. தங்கை மாறிக்கொள்ளச் சொல்லியும் அவர் கைப்பிடியை விடவில்லை. சாவிக்காரர் ஒரு தெருமுனையில் பழக்கத்தில் கையை ஓங்கினார். முன்னால் தோள் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

வண்டி இப்போது மெக்கானிக் கடையின் பின்பக்கம் நிற்கிறது. இடது கை லீவரைக் கழற்றவில்லை. மாப்பிள்ளை நாற்காலியில் இருக்கிறார். ரத்துக் கடிதத்தை மற்ற ரசீதுகளோடு நான் வைத்திருக்கிறேன். அது வந்த தேதி 17.01.2017.